டெல்லியில் சட்டம், திண்டுக்கல்லில் அலுவலர், தொப்பம்பட்டியில் அடி

குடும்ப வன்முறை என்றவுடன் எல்லோருக்கும் இரண்டு பேர்தான் நினைவுக்கு வருவார்கள். அடிக்கிற கணவன், அடி வாங்குகிற மனைவி. பட்டிமன்றத்திலும் சரி, தொலைக்காட்சி விவாதத்திலும் சரி, இந்த இரண்டு பேரைப் பற்றிப் பேசியே நேரம் முடிந்துவிடும். மூன்றாவதாக ஒருவர் உண்டு. அவர்தான் அரசாங்கம்.

அரசாங்கம் என்றால் இங்கே கட்சியோ, மந்திரியோ அல்ல. எந்த வேலை யார் கையில் இருக்கிறது, அந்த அலுவலகம் எந்த ஊரில் இருக்கிறது, அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்கிற அமைப்புதான் அரசாங்கம். கேட்பதற்கு நிர்வாகவியல் பாடம் மாதிரி சலிப்பாக இருக்கும். ஆனால் இரவு பதினோரு மணிக்கு அடி வாங்கிய ஒரு பெண் மறுநாள் காலையில் எங்கே போவாள் என்பதை முடிவு செய்வது இந்தச் சலிப்பான விஷயம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் சட்டத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1983-ல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 498-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. மனைவியைக் கொடுமை செய்யும் கணவனுக்கும் அவன் உறவினருக்கும் மூன்று ஆண்டு வரை சிறை. (2024 ஜூலை 1 முதல் இது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86 பிரிவுகளாக இருக்கிறது.) இது தண்டிக்கிற சட்டம். புருஷனை உள்ளே தள்ளலாம். ஆனால் அன்றைக்கு ராத்திரி எங்கே படுப்பது, பிள்ளைக்குப் பால் வாங்க யார் காசு கொடுப்பது என்ற கேள்விகளுக்கு இதில் பதில் கிடையாது. இதை விட்டால் விவாகரத்து. பல பெண்களுக்கு இரண்டுமே வேண்டாம். அடி நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. நடைமுறைக்கு வந்த நாள் 26-10-2006. அடிப்பது மட்டுமல்ல, வசைபாடுவது, பாலியல் கொடுமை, கைச்செலவுக்குக் காசு தராமல் வாட்டுவது, எல்லாமே இந்தச் சட்டத்தின்படி வன்முறைதான். நெருங்கக் கூடாது என்று பாதுகாப்பு உத்தரவு, வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது என்று குடியிருப்பு உத்தரவு, செலவுக்குப் பணம், பிள்ளைகளைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் உரிமை, இவை எல்லாவற்றையும் ஒரே மனுவில் நீதித்துறை நடுவரிடம் கேட்கலாம். மனு கொடுத்தால் சாதாரணமாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணை. முதல் விசாரணையிலிருந்து அறுபது நாளுக்குள் முடிக்க முயல வேண்டும். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது இருபதாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

வீடு மாமனார் பெயரில் இருந்தால் மருமகளுக்கு அங்கே இடமில்லை என்று பல காலம் சொல்லி வந்தார்கள். 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதையும் மாற்றியது. வீடு யார் பெயரில் இருந்தாலும், அவள் குடும்பமாக வாழ்ந்த வீடாக இருந்தால் அங்கே குடியிருக்க உரிமை கேட்கலாம். கூட்டுக் குடும்பமும் பெரியவர் பெயரில் பட்டாவும் இருக்கிற நம் பக்கத்து ஊர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவு நல்ல சட்டத்துக்கு நடுவில் ஒரு மனிதர் நிற்கிறார். அவர் பெயர் பாதுகாப்பு அலுவலர். பெண்ணிடம் விவரம் கேட்டு நிகழ்வு அறிக்கை எழுதுவது, அதை நடுவருக்கு அனுப்புவது, சட்ட உதவிக்கு வழி செய்வது, தங்க இடமில்லை என்றால் இல்லத்தில் சேர்ப்பது, காயம் என்றால் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புவது எல்லாம் அவர் வேலை. எதிர்த்தரப்புக்கு நீதிமன்ற நோட்டீசைக் கொண்டு சேர்ப்பதும் அவர் பொறுப்பு. அதற்குச் சட்டம் தரும் கால அளவு வழக்கமாக இரண்டு நாள்.

இரண்டு நாள். இந்த எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவும்.

யார் சட்டம், யார் சம்பளம்?

இந்திய அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் இருப்பது பள்ளிக்கூடப் பாடம். குற்றவியல் சட்டமும், திருமணம், விவாகரத்து போன்றவையும் பொதுப் பட்டியலில் இருக்கின்றன. எனவே நாடு முழுவதற்கும் பாராளுமன்றம் சட்டம் போடலாம். காவல்துறை மாநிலப் பட்டியலில். உள்ளாட்சியும் மாநிலப் பட்டியலில். மதுவும் மாநிலப் பட்டியலில்தான்.

2005 சட்டத்தின் 8-ம் பிரிவு, ஒவ்வொரு மாவட்டத்திலும் "தேவையான எண்ணிக்கையில்" பாதுகாப்பு அலுவலர்களை மாநில அரசு நியமிக்க வேண்டும், முடிந்தவரை அவர்கள் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. எத்தனை பேர் தேவை என்று சொல்லவில்லை. அவர்களுக்கான செலவை யார் ஏற்பது என்றும் சொல்லவில்லை. சட்டத்தில் அதற்கென நிதிப் பிரிவு எதுவும் கிடையாது. அதாவது ஆர்டர் கொடுத்தது டெல்லி, பில் போனது மாநிலங்களுக்கு.

வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஒரு நிறுவனத்தில் தலைமை அலுவலகம் புதிதாக ஒரு சேவையை அறிவித்துவிட்டு, அதற்கான ஆளையும் செலவையும் கிளைகள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டால் என்ன நடக்கும்? ஒவ்வொரு கிளையும் இருக்கிற ஊழியர் ஒருவர் தலையில் அந்த வேலையையும் கட்டும். அதேதான் இங்கேயும் நடந்தது.

மகாராஷ்டிரத்தில் ஆரம்பத்தில் வருவாய்த்துறை அதிகாரிகளையும் இந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். எண்ணிக்கை பெரிதாகத் தெரியும், ஆனால் நிலம், வரி, வறட்சி என்று ஓடுகிற அதிகாரிக்கு இது பத்தோடு பதினொன்று. கர்நாடகம் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலர்களிடம் கொடுத்தது. கேரளம் முதலில் நன்னடத்தை அலுவலர்களிடம் கொடுத்தது. ஹரியானாவில் குழந்தைத் திருமணத் தடுப்பையும் சேர்த்து ஒரே பதவியாக்கினார்கள். தமிழ்நாட்டில் வேலை சமூக நலத்துறைக்கு வந்தது. மாவட்டத்துக்கு ஒரு பாதுகாப்பு அலுவலர், அவருக்கு மாவட்டத் தலைநகரில் அலுவலகம் என்கிற அளவில் ஏற்பாடு அமைந்தது.

ஒரே நாடு, ஒரே சட்டம். ஆனால் அடி வாங்கிய பெண் யாரிடம் போய் நிற்பாள் என்பது அவள் எந்த மாநிலத்தில் வாக்கப்பட்டாள் என்பதைப் பொறுத்தது!

தொப்பம்பட்டியிலிருந்து ஒரு கணக்கு

திண்டுக்கல் மாவட்டத்தில் மொத்தம் 14 ஊராட்சி ஒன்றியங்கள். அவற்றில் ஒன்று தொப்பம்பட்டி. பழனிக்கு வடக்கே, மாவட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது. அதைத் தாண்டினால் தாராபுரம், அதாவது திருப்பூர் மாவட்டம்.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி திண்டுக்கல் மாவட்டத்தில் சுமார் 21.6 லட்சம் பேர். அதில் ஏறக்குறைய பாதி பெண்கள். பரப்பளவு ஆறாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். ஒரு பக்கம் கொடைக்கானல் மலை, ஒரு பக்கம் நத்தம், இன்னொரு பக்கம் தொப்பம்பட்டி. இத்தனைக்கும் மாவட்டத் தலைநகரில் ஒரு பாதுகாப்பு அலுவலர் என்று வைத்தால், கொடைக்கானலில் ஒரு நோட்டீஸ், வேடசந்தூரில் ஒரு நோட்டீஸ், தொப்பம்பட்டியில் ஒரு நோட்டீஸ் என்று வந்தால் இரண்டு நாள் கெடு என்ன ஆகும்? அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவருக்கும் நாளுக்கு இருபத்துநாலு மணி நேரம்தான்.

இனி அந்தப் பெண்ணின் பக்கமிருந்து பார்க்கலாம். தொப்பம்பட்டி ஒன்றியத்தில் ஏதோ ஒரு கிராமத்தில் காட்டு வேலைக்கோ மில்லுக்கோ போகிற ஒரு பெண் என்று வைத்துக்கொள்ளலாம். திண்டுக்கல் போக வேண்டுமென்றால் முதலில் பழனி. அங்கிருந்து ஒட்டன்சத்திரம் வழியாக இன்னும் அறுபது கிலோமீட்டர். 2021-ல் மகளிருக்கு வந்த கட்டணமில்லாப் பயணம் சாதாரண டவுன் பஸ்களுக்கானது. பழனி - திண்டுக்கல் பஸ்ஸில் டிக்கெட் எடுக்க வேண்டும். போய் வர ஒரு நாள் முழுக்கப் போய்விடும். ஒரு நாள் கூலி போச்சு. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்கு யார் சோறு போடுவது? எல்லாவற்றையும் விட முக்கியமான செலவு ஒன்று உண்டு. "இன்னைக்கு முழுக்க எங்க போன?" என்று ராத்திரி வீட்டில் கேட்பார்கள். அதற்கு அவளிடம் பதில் இருக்காது. அடியிலிருந்து தப்பிக்க எடுத்த பயணமே இன்னொரு அடிக்குக் காரணமாகிவிடும்.

தேசிய குடும்ப நல ஆய்வு, 2019-21, தரும் எண்களை இந்த இடத்தில் பார்க்க வேண்டும். திருமணமான பெண்களில் கணவனால் வன்முறைக்கு ஆளானவர்கள் இந்திய அளவில் சுமார் 29 சதவீதம். தமிழ்நாட்டில் சுமார் 38 சதவீதம். படிப்பிலும் வேலைக்குப் போவதிலும் பெண்கள் முன்னால் நிற்கிற மாநிலத்துக்கு இது பெருமையல்ல. இன்னொரு எண் இதைவிடக் கனமானது. உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் இந்திய அளவில் 14 சதவீதம்தான். அப்படிக் கேட்டவர்களிலும் பெரும்பாலோர் போனது பிறந்த வீட்டுக்கு.

பெண்களுக்குத் தைரியம் இல்லை, விழிப்புணர்வு இல்லை என்று இதற்கு வழக்கமாகக் காரணம் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் மேலே போட்ட கணக்கைப் பார்த்தால், போகாமல் இருப்பது அறியாமை இல்லை, நன்றாகக் கணக்குப் பார்த்து எடுத்த முடிவு என்றும் தோன்றும்.

மகளிர் காவல் நிலையம்

அதிகாரம் மாநிலத்திடம் இருப்பதில் கெடுதல் மட்டும்தானா? இல்லை. காவல்துறை மாநிலத்தின் கையில் இருந்ததால்தான் 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் அனைத்து மகளிர் காவல் நிலையம் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கக் கொண்டு போக முடிந்தது. டெல்லி சொல்லும் வரை காத்திருக்கவில்லை. குடும்ப வன்முறைச் சட்டம் வருவதற்கு 13 வருடம் முன்பே நடந்தது இது. பழனியிலும் மகளிர் காவல் நிலையம் இருக்கிறது. தொப்பம்பட்டிப் பெண்ணுக்குத் திண்டுக்கல்லை விட இது எவ்வளவோ பக்கம்.

ஆனால் காவல் நிலையத்தின் வேலை வேறு, பாதுகாப்பு அலுவலரின் வேலை வேறு. காவல் நிலையத்தில் புகார் என்றால் வழக்கு அல்லது சமாதானம். கணவனைக் கூப்பிட்டு, இரண்டு குடும்பத்தையும் உட்கார வைத்துப் பேசி, எழுதி வாங்கி அனுப்புவதுதான் அதிகம் நடக்கிறது. சில வீடுகளில் அதுவே போதுமானதாக இருக்கும். பல வீடுகளில் எழுதிக் கொடுத்த காகிதத்துக்கு ஒரு வாரம்தான் ஆயுள். மீறினால் சிறை என்கிற பலம் அந்தக் காகிதத்துக்குக் கிடையாது, நடுவரின் உத்தரவுக்குத்தான் உண்டு. அந்த உத்தரவு வரை அவளைக் கொண்டு சேர்க்கிற ஆள்தான் எழுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார்.

ஒரு கை கொடுக்கும், ஒரு கை எடுக்கும்

இதே அரசாங்க அமைப்பில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. டாஸ்மாக் 1983-ல் தொடங்கப்பட்ட மாநில அரசு நிறுவனம். 2003-ன் கடைசியிலிருந்து சில்லறை மது விற்பனையும் அதன் கையில். 2023-24-ல் இதன் மூலம் அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அதே குடும்ப நல ஆய்வு சொல்கிறது: அடிக்கடி குடித்துவிட்டு வரும் கணவன்மாரின் மனைவியரில் சுமார் 70 சதவீதம் பேர் வன்முறைக்கு ஆளானவர்கள். குடிக்காத கணவன்மாரின் மனைவியரில் அது சுமார் 23 சதவீதம்.

குடிதான் அடிக்குக் காரணம் என்று முடித்துவிட முடியாது. குடிக்காமல் அடிப்பவனும் இருக்கிறான், அந்த 23 சதவீதமே சாட்சி. ஆனால் கணக்குப் புத்தகத்தில் வரவு ஒரு துறையிலும் அதனால் வரும் செலவு வேறொரு துறையிலும் எழுதப்பட்டால், மொத்தத்தில் லாபமா நஷ்டமா என்று யாருக்கும் தெரியாது. கடையை மூடச் சொல்லி எத்தனையோ ஊர்ப் பெண்கள் கிராம சபையில் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். மூடும் அதிகாரம் கிராம சபையிடம் இல்லை.

அமெரிக்காவில் தலைகீழ்

இந்தச் சிக்கல் நமக்கு மட்டுமல்ல. அமெரிக்கப் பாராளுமன்றம் 1994-ல் பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான சட்டத்தைக் கொண்டு வந்தது. பாதிக்கப்பட்ட பெண் நேராக மத்திய நீதிமன்றத்தில் நஷ்டஈடு கேட்கலாம் என்று அதில் ஒரு பிரிவு. எந்த அதிகாரத்தில் அப்படிச் சட்டம் போட்டார்கள் தெரியுமா? மாநிலங்களுக்கு இடையிலான வாணிபத்தை முறைப்படுத்தும் அதிகாரத்தில்! வன்முறையால் பெண்கள் வேலைக்குப் போக முடிவதில்லை, பொருளாதாரத்துக்கு இழப்பு என்பது வாதம். 2000-ல் மோரிசன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் இதைத் தள்ளிவிட்டது. இது வாணிபம் இல்லை, மாநிலங்களின் வேலை என்றது. அந்தப் பிரிவு போனது. ஆனால் அதே சட்டத்தின் கீழ் மாநிலங்களுக்குக் கொடுத்து வந்த மானியம் தொடர்ந்தது. போலீஸ் பயிற்சி, காப்பகங்கள் போன்றவற்றுக்கு மத்தியப் பணம் போனது.

அங்கே பணம் நின்றது, உரிமை விழுந்தது. இங்கே உரிமை நிற்கிறது, பணம் வரவில்லை. பெண்ணுக்கு இரண்டும் வேண்டும்.

டெல்லி ஒன்றுமே தரவில்லை என்று சொல்வதும் நியாயமில்லை. 2015 முதல் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் மத்திய நிதியில் வந்தன. மருத்துவம், ஆலோசனை, சட்ட உதவி, சில நாள் தங்கும் இடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். 181 என்ற தொலைபேசி உதவி எண் தமிழ்நாட்டில் 2018 டிசம்பரில் தொடங்கியது. ஆனால் அந்த மையமும் அடிப்படையில் மாவட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வந்ததுதான். மறுபடியும் மாவட்டத் தலைநகர், மறுபடியும் அதே பஸ்.

அப்படியானால் ஊராட்சியிடம் கொடுத்துவிடலாமா?

1992-ல் வந்த 73-வது அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சிகளுக்குக் கொடுக்கக்கூடிய 29 பொருள்களைப் பட்டியல் போட்டது. பெண்கள், குழந்தைகள் மேம்பாடு அதில் ஒன்று. தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு தர 2016-ல் சட்டம் திருத்தப்பட்டது. கேரளத்தில் ஊராட்சி அளவில் ஜாக்ரதா சமிதி என்ற குழுக்கள் பெண்களின் புகார்களைக் கேட்கின்றன. ஆனால் 2005 சட்டத்தில் ஊராட்சிக்கென்று ஒரு பங்கும் இல்லை. பெண்ணுக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் அரசாங்கத்துக்கு வேலையே தரப்படவில்லை.

உடனே ஊராட்சித் தலைவரிடம் ஒப்படைத்துவிடலாம் என்று சொல்லத் தோன்றும். அதில் இரண்டு சிக்கல். ஒன்று, உள்ளாட்சியே தொடர்ந்து இருப்பதில்லை. 2016 அக்டோபரிலிருந்து 2019 கடைசி வரை தேர்தல் நடக்காமல் தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் பார்த்தார்கள். 2019 டிசம்பரில் திண்டுக்கல் உட்பட 27 மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் மறுபடி தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள்.

இரண்டாவது சிக்கல் இன்னும் பெரியது. கிராமத்தில் தலைவர் என்பவர் கணவனுக்குப் பங்காளியாகவோ மாமன் மச்சானாகவோ இருப்பார். இல்லையென்றால் அவன் ஓட்டு வேண்டியவராக இருப்பார். "பொம்பளை கொஞ்சம் பொறுத்துப் போகணும்" என்று முடியும் பஞ்சாயத்துகளைப் பார்க்காத ஊர் எது? அவள் வாயைத் திறந்த அரை மணியில் விஷயம் டீக்கடைக்கு வந்துவிடும். தூரம் ஒரு தண்டனை என்றால், பக்கமும் ஒரு தண்டனைதான்.

எனவே அலுவலர் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், ஆனால் ஊருக்கு வெளியே இருக்க வேண்டும். சந்தைக்குப் போகிறேன், ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய், பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் திரும்பி வந்துவிடக்கூடிய தூரம். அந்தத் தூரத்துக்கு அரசாங்க அமைப்பில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது: ஒன்றியம், தாலுகா.

உச்ச நீதிமன்றமும் கடைசியில் இங்கேதான் வந்து சேர்ந்தது. 20-05-2025 அன்று நீதிபதிகள் பி.வி.நாகரத்னா, சதீஷ் சந்திர சர்மா அமர்வு, மாவட்ட அளவிலும் தாலுகா அளவிலும் பெண்கள், குழந்தைகள் நலத்துறை அலுவலர்களைக் கண்டறிந்து பாதுகாப்பு அலுவலர்களாக அறிவிக்க வேண்டும், இன்னும் அறிவிக்காத இடங்களில் ஆறு வாரத்துக்குள் செய்ய வேண்டும் என்று மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. சட்டம் நடைமுறைக்கு வந்து 18 ஆண்டுகளுக்கும் மேல் ஆன பிறகு!

தமிழ்நாட்டில் இதற்குப் புதிதாகக் கட்டடம் கட்ட வேண்டியதில்லை. சமூக நலத்துறையில் விரிவாக்க அலுவலர், மகளிர் ஊர்நல அலுவலர் என்ற பதவிகள் ஒன்றிய அளவில் பல காலமாக உண்டு. தொப்பம்பட்டியில் ஒன்றிய அலுவலகம் இருக்கிறது. உதவித்தொகை மனு, திருமண உதவி என்று பெண்கள் ஏற்கெனவே ஏறி இறங்கும் படிகள்தான் அவை. அங்கே போனாள் என்றால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். இந்த ஒரு காரணமே போதும். ஆனால் பெயர்ப்பலகை மட்டும் மாட்டினால் மகாராஷ்டிரத்தின் பத்தோடு பதினொன்று கதையாகிவிடும். பயிற்சி, வாகனச் செலவு, இந்த வேலைக்கென்று ஒதுக்கிய நேரம் மூன்றும் சேர்ந்து வர வேண்டும். அதற்கான பில்லில் டெல்லியும் பங்கு போட வேண்டும்.

அதுவரைக்கும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியவை சில. பாதுகாப்பு அலுவலர் வழியாகத்தான் போக வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. பெண்ணே நேராக நடுவரிடம் மனு கொடுக்கலாம், அவள் சார்பில் வேறொருவரும் கொடுக்கலாம். அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் நீதிமன்றத்திலும் கொடுக்கலாம். அம்மா வீடு தாராபுரம் பக்கம் என்றால் அங்கேயே கொடுக்கலாம், அந்த உத்தரவு இந்தியா முழுக்கச் செல்லும். வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் எல்லாப் பெண்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு, தாலுகா சட்டப் பணிகள் குழுவைக் கேட்டால் போதும். பக்கத்து வீட்டுக்காரர் நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தால் அவர் மேல் வழக்கு வராது என்று 4-ம் பிரிவு சொல்கிறது.

சட்டம் போடுவது ஒரு நாள் வேலை, கை தூக்கினால் முடிந்துவிடும். அந்தச் சட்டத்தைப் பழனி தாண்டி, தொப்பம்பட்டி வரை பஸ் ஏற்றி அனுப்புவதுதான் அரசாங்கத்தின் வேலை. இத்தனை வருடமும் அந்தப் பஸ்ஸுக்குப் பெண்தான் டிக்கெட் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.